பொறியாளர் மகள் வரைந்த மாயம்

ரெமெடியோஸ் வாரோவைப் பற்றி யார் எழுத ஆரம்பித்தாலும் முதல் பத்திக்குள்ளேயே 'கனவு' என்ற சொல் வந்து உட்கார்ந்துவிடுகிறது. கனவுலக ஓவியர், கனவுகளுக்கு வண்ணம் தந்தவர் என்று விதவிதமாக. இந்தச் சொல் எனக்கு நெடுநாளாக உறுத்துகிறது. பொய் என்று ஒரேயடியாகத் தள்ளிவிடவும் முடியாது. பாரிஸில் கனவையும் அடிமனதையும் கலையாக்க முயன்ற சர்ரியலிஸ்டுகளோடு இருந்தவர், அவர்களுடைய விளையாட்டுகளை விளையாடியவர், வீட்டுக்குள் நிலவை வளர்க்கும் பெண்ணை வரைந்தவர். கனவு என்று சொல்லாமல் வேறு என்ன சொல்வது என்று கேட்டால் உடனே பதில் வராது. ஆனால் படத்துக்குப் பக்கத்தில் போய்ப் பாருங்கள். கனவில் இருக்கும் மசமசப்பு ஒரு துளிகூட இல்லை. எந்தக் கயிறு எந்தக் கப்பியில் ஓடுகிறது, சக்கரத்தின் அச்சு எங்கே பொருந்துகிறது, குழாயின் வாய் எந்தப் பாத்திரத்துக்குள் இறங்குகிறது என்று எல்லாமே கணக்காக இருக்கும். தச்சனிடமும் கொல்லனிடமும் படத்தைக் கொடுத்தால் பாதி எந்திரங்களைச் செய்து தந்துவிடுவார்கள்.

'நட்சத்திரக் கூழ்' என்று 1958-ல் ஒரு படம் வரைந்தார். மேகங்களுக்கு நடுவே தனியாக நிற்கும் ஒரு சின்னக் கோபுர அறை. உள்ளே ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறாள். கூரைக்கு மேலே வானத்திலிருந்து நட்சத்திரங்களை உறிஞ்சும் குழாய், அது இறங்கி வந்து மேசைமேல் பொருத்திய அரவை எந்திரத்துக்குள் விழுகிறது. கறி அரைக்க வீடுகளில் வைத்திருப்பார்களே, கைப்பிடி சுற்றுகிற எந்திரம், அதே அமைப்பு. ஒரு கையால் சுற்றுகிறாள். மறு கையால் அரைத்த கூழைக் கரண்டியில் எடுத்துக் கூண்டுக்குள் இருக்கும் பிறை நிலவுக்கு ஊட்டுகிறாள். அவள் முகத்தில் பரவசம் இல்லை. குழந்தைக்குச் சாப்பாடு கொடுத்தே ஓய்ந்துபோன அம்மாவின் முகம் அது. படத்தில் நடக்க முடியாத காரியம் ஒன்றே ஒன்றுதான்: நட்சத்திரத்தை அரைத்து நிலவுக்கு ஊட்ட முடியாது. மற்றபடி கைப்பிடி, பல், குழாய், கரண்டி, கூண்டுக் கம்பி என்று எல்லாம் நிஜம். அந்த ஒரு பொய்யை நம்பவைக்க அத்தனை உண்மைகளைச் சுற்றி அடுக்கியிருக்கிறார். இந்த வேலையைக் கனவு செய்யாது. பயிற்சி பெற்ற கை செய்யும்.

அப்பாவின் வரைபடங்கள்

வாரோ 1908-ல் ஸ்பெயினின் கட்டலோனியாவில், ஹிரோனாவுக்குப் பக்கத்தில் உள்ள அங்லேஸ் என்ற ஊரில் பிறந்தார். அப்பா நீரியல் பொறியாளர். அணை, கால்வாய் என்று வேலை எங்கே கூப்பிட்டதோ அங்கெல்லாம் குடும்பமும் போனது. ஸ்பெயினுக்குள் பல ஊர்கள், கொஞ்ச காலம் வட ஆப்பிரிக்கா. மகளைப் பக்கத்தில் உட்காரவைத்துத் தன்னுடைய தொழில்நுட்ப வரைபடங்களை நகலெடுக்கச் சொல்வார். கோணல் வந்தால் மறுபடியும் போடவேண்டும். அம்மா மிகுந்த பக்தி உள்ளவர். கன்னியாஸ்திரிகளின் பள்ளிக்கு அனுப்பினார். பிற்காலப் படங்களில் கோபுரத்துக்குள் ஒரே சீருடையில் அடைபட்டிருக்கும் பெண்கள் அந்தப் பள்ளியிலிருந்து வந்தவர்கள்தான் என்று எல்லாரும் சொல்லிவிட்டார்கள், சரிதான். அப்பாவின் வரைபடங்களிலிருந்து வந்தது எது என்பதை அந்த அளவுக்கு யாரும் விரித்துப் பேசுவதில்லை.

பொறியாளரின் வரைபடத்தில் ஒரு வசதி உண்டு. கட்டடத்தை மேலிருந்து பார்க்கலாம், முன்னாலிருந்து பார்க்கலாம், கத்தியால் பழத்தை வெட்டுவதுபோல நடுவில் வெட்டியும் பார்க்கலாம். அந்த வெட்டுமுகத்தில் சுவரின் தடிமன், படியின் உயரம், குழாய் போகும் வழி எல்லாம் ஒரே பார்வையில் தெரியும். வாரோவின் அறைகளை இந்தக் கண்ணோடு பாருங்கள். எத்தனை படங்களில் முன்சுவர் காணாமல் போயிருக்கிறது! கோபுரத்தின் ஒரு பக்கம் திறந்து கிடக்கிறது, உள்ளே வேலை நடக்கிறது, கூரைக்கு மேலே என்ன இருக்கிறது என்பதும் தெரிகிறது. மேடை நாடகத்தின் செட் என்று சிலர் சொல்வார்கள். அவர் நாடகங்களுக்கு உடை அலங்காரம் செய்தவர் என்பதால் அதுவும் பொருந்தும். ஆனால் சுவரின் வெட்டுமுனையில் தடிமனைக் காட்டுகிற அந்தக் கவனம் நாடக செட்டில் கிடையாது. வெட்டுமுகம் வரைந்து பழகிய கைக்குத்தான் அது வரும்.

1924-ல், பதினைந்து வயதில், மாட்ரிட்டின் சான் ஃபெர்னாண்டோ ஓவிய அகாடமியில் சேர்ந்தார். அந்தக் காலத்தில் ஒரு பெண்ணுக்கு அது சின்ன விஷயம் இல்லை. உடற்கூறு, தூரத்தையும் ஆழத்தையும் காட்டும் பெர்ஸ்பெக்டிவ் விதிகள், சிலையைப் பார்த்து வரைதல் என்று பழைய முறையில் கறாரான படிப்பு. பக்கத்திலேயே பிராடோ அருங்காட்சியகம். அங்கே பாஷ், கோயா, எல் கிரேக்கோ என்று பழைய ஓவியர்களின் படங்கள். பாஷ் வரைந்த விசித்திரப் பிராணிகளைப் பார்த்தால், ஒவ்வொன்றுக்கும் எலும்பும் மூட்டும் இருக்கும். அந்தப் பாடத்தை வாரோ கடைசிவரை மறக்கவில்லை.

அடுத்த பதினேழு ஆண்டுகளை நான் வேகமாகக் கடந்துவிடுகிறேன். வாழ்க்கை வரலாறுகள் அங்கேதான் அதிக நேரம் நிற்கின்றன. படங்களைப் புரிந்துகொள்ள எனக்கு அது அவ்வளவாக உதவவில்லை. 1930-ல் சக மாணவர் லிஸாராகாவுடன் திருமணம், பார்சலோனாவில் விளம்பர வேலை, 1936-ல் அங்கே ஒரு முன்னோடிக் குழுவோடு கண்காட்சி, உள்நாட்டுப் போர், கவிஞர் பெஞ்சமின் பெரேயோடு 1937-ல் பாரிஸ். சர்ரியலிஸ்டுகளின் தலைவர் பிரெத்தோனைச் சுற்றியிருந்த வட்டத்தில் தான் கூச்சத்தோடு காதுகொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்த ஆள்தான் என்று பிற்பாடு அவரே சொல்லியிருக்கிறார். ஸ்பெயினின் உள்நாட்டுப் போரில் தளபதி ஃபிராங்கோ வென்றதும் ஊர் திரும்பும் வழி அடைபட்டது. ஜெர்மன் படை பாரிஸுக்குள் வந்ததும் தெற்கே ஓட்டம், மார்சேயில் காத்திருப்பு, 1941 நவம்பரில் காசாபிளாங்காவிலிருந்து கப்பல். ஆண்டு முடிவதற்குள் மெக்ஸிகோ. அப்போது அவருக்கு ஏறக்குறைய முப்பத்துமூன்று வயது. இன்று நாம் வாரோ என்று சொல்லும்போது மனதில் வரும் படங்களில் ஒன்றுகூட அதுவரை வரையப்படவில்லை.

கூலி வேலை கற்றுக்கொடுத்தது

மெக்ஸிகோவில் முதல் பத்தாண்டுகள் பிழைப்புக்காக ஓடின. மரச்சாமான்களுக்கு வண்ணப்பூ போட்டார். நாடகத்துக்கும் நடனத்துக்கும் உடை வடிவமைத்தார். போர்ப் பிரசாரத்துக்கான மாதிரிக் காட்சிகள் செய்தார். பாயர் மருந்து நிறுவனத்துக்கு விளம்பரப் படங்கள் வரைந்தார். அவற்றில் அம்மா வழிப் பெயரான 'உரங்கா' என்றுதான் கையெழுத்து. தன் சொந்தக் கலையையும் கூலி வேலையையும் அவர் பிரித்தே வைத்திருந்தார் என்பதற்கு அந்தக் கையெழுத்தே சாட்சி.

ஆனால் கை பிரித்துப் பார்க்காதே. அந்த விளம்பரங்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் வேறு ஒன்று தெரிகிறது. 1947-ல் தூக்கமின்மைக்கு ஒரு படம்: ஒன்றுக்குள் ஒன்றாகத் திறந்துகொண்டே போகும் வெற்று அறைகள், அவற்றின் இருட்டில் தூங்காமல் விழித்திருக்கும் கண்கள். விளம்பரத்தின் கட்டாயம் என்ன? மருத்துவர் ஒரு நொடி பார்ப்பார். அந்த நொடியில் 'தூக்கம் வரவில்லை' என்பது பொருளாக, அறையாக, கண்ணாக முன்னால் நிற்கவேண்டும். வெறும் உணர்ச்சியைக் காட்டினால் போதாது. மனதுக்குள் நடப்பதைக் கைக்குப் பிடிபடும் சாமானாக மாற்று என்பதுதான் உத்தரவு. பத்து ஆண்டு கழித்து வாரோ தன் சொந்தப் படங்களில் செய்ததும் அதேதான்.

1947 இறுதியில் வெனிசுவேலா போனார். அங்கே அவருடைய அண்ணன் ரொட்ரிகோ மருத்துவர், பொதுச் சுகாதாரத் துறையில் இருந்தார். மலேரியா ஒழிப்புப் பணிக்காக நுண்ணோக்கியில் பூச்சிகளைப் பார்த்து வரையும் வேலை வாரோவுக்குக் கிடைத்தது. இந்த வேலையின் சட்டம் கடுமையானது. கொசுவின் காலில் எத்தனை கணு, இறகின் நரம்பு எங்கே கிளைக்கிறது, செதில் எந்தப் பக்கம் சாய்கிறது என்பதில் ஓவியரின் விருப்பத்துக்கு இடமே இல்லை. ஒரு கணு தவறினால் இனமே மாறிப்போகும். இரண்டு ஆண்டுகளுக்குள் மெக்ஸிகோ திரும்பிவிட்டார். அதற்குப் பின் வந்த படங்களில் இறகு முளைத்த மனிதர்களும் பூச்சி முகம் கொண்ட பெண்களும் வருகிறார்கள். அவர்களுடைய இறகு தோளில் ஒட்டவைத்ததுபோல இருக்காது. எலும்போடு சேர்ந்து முளைத்திருக்கும். நிஜத்துக்குள் மாயத்தைக் கலக்கிற மாய யதார்த்தத்தை இன்று வரைய வருகிற இளைஞர்களிடம் நான் முதலில் பார்ப்பது இதைத்தான். முகத்தை ஒரு வாரம் உட்கார்ந்து வரைவார்கள். இறகு மட்டும் முதுகில் ஆணி அடித்து மாட்டியதுபோல நிற்கும்.

1952

வாரோவின் வாழ்க்கையில் திருப்பம் எது என்று கேட்டால் பெரும்பாலும் பாரிஸைச் சொல்வார்கள், இல்லையென்றால் அகதிக் கப்பலை. என் கணக்கில் 1952. அந்த ஆண்டு வால்டர் க்ரூயெனோடு வாழத் தொடங்கினார். ஆஸ்திரியாவிலிருந்து தப்பி வந்தவர், நாஜி முகாம்களைக் கண்டவர், மெக்ஸிகோ நகரத்தில் 'சாலா மார்கோலின்' என்ற இசைத்தட்டுக் கடையை நடத்தியவர். கடை நன்றாக ஓடியது. கூலி வேலையை விட்டுவிட்டு உன் படத்தை வரை என்று சொன்னார். அவ்வளவுதான் நடந்தது. தரிசனம் எதுவும் இல்லை. வாடகை கவலை தீர்ந்தது, நாள் முழுக்க நேரம் கிடைத்தது. நாற்பத்துமூன்று வயதில்.

இதைச் சொல்லும்போது எனக்குக் கோபமும் வருகிறது. பெரே கவிதை எழுதிய ஆண்டுகளில் வீட்டுச் செலவுக்குச் சம்பாதித்தவர் வாரோ. அவருக்கென்று அப்படி ஓர் ஆள் பத்து ஆண்டு முன்னால் கிடைத்திருந்தால் இன்னும் எத்தனை படங்கள் இருந்திருக்கும்! 1955-ல் டயானா காலரியில் ஒரு குழுக் கண்காட்சியில் சில படங்களை வைத்தார். அடுத்த ஆண்டே அதே இடத்தில் தனிக் கண்காட்சி. வாங்குவதற்கு ஆட்கள் காத்திருப்புப் பட்டியலில் நின்றார்கள். ஆனால் அவர் வேகமாக வரையக்கூடியவர் இல்லை. ஏன் வேகமாக வரைய முடியாது என்பது அவருடைய பலகையைப் பார்த்தால் புரியும்.

பலகை, சுண்ணம், கீறல்

அவருக்குப் பிடித்த தளம் மேசனைட் பலகை. மரச்சில்லுகளை நீராவியால் நாராக்கி அழுத்திச் செய்வது. துணியைப் போல ஊடுபாவு இல்லை, மரத்தைப் போல ரேகை இல்லை. மயிரிழைக் கோடு இழுத்தால் நடுவில் உடையாது. இன்னொரு காரணம் அதைவிட முக்கியம். அவர் படத்தைக் கீறுகிறவர். இழுத்துக் கட்டிய துணியில் கூர்முனையால் கீறினால் துணி உள்ளே அமுங்கும், கோடு ஆடும். பலகை அசையாது.

பலகைமேல் ஜெஸ்ஸோ பூசவேண்டும். மரபான ஜெஸ்ஸோ என்பது விலங்குப் பசையும் சீமைச்சுண்ணாம்புப் பொடியும்தான். ஓவியக்கூடங்களில் வழக்கமாகச் செய்யும் முறை இது: முயல்தோல் பசை ஒரு பங்குக்குத் தண்ணீர் பன்னிரண்டு பங்கு ஊற்றி இரவு முழுக்க ஊறவிட வேண்டும். காலையில் சுடுநீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து உருக்கவேண்டும். கொதிக்கவிட்டால் பசையின் பிடிப்பு போய்விடும், 60 டிகிரிக்குக் கீழேயே நிறுத்துவது நல்லது. பிறகு ஒரு பங்கு பசைநீருக்கு ஒன்றரைப் பங்கு சுண்ணாம்புப் பொடியைச் சலித்துத் தூவி, தானாக அடியில் இறங்கவிட்டு, மெதுவாகக் கலக்கவேண்டும். அடித்துக் கலக்கினால் காற்றுக்குமிழி புகும். காய்ந்ததும் குண்டூசித் துளைகளாக அது தெரியும், பிறகு என்ன தேய்த்தாலும் போகாது. முதல் பூச்சை விரலால் தேய்த்துப் பூசுவதும் குமிழிக்குப் பயந்துதான். ஈரப்பளபளப்பு அடங்கியதும் அடுத்த பூச்சு, முந்தையதற்குக் குறுக்காக. ஆறு முதல் எட்டுப் பூச்சு. மேல்பூச்சில் பசை கூடிவிட்டால் கீழ்ப்பூச்சை இழுத்து வெடிக்கவைக்கும். ஒரு பக்கம் மட்டும் பூசினால் பலகை வில்லாக வளையும். பின்பக்கத்துக்கும் பசைநீர் கொடுக்கவேண்டும். கடைசியில் மெல்லிய உப்புத்தாளால் தேய்த்தால் தந்தம் மாதிரி ஒரு வெண்மை வரும். அந்த வெண்மை வாரோவுக்கு அஸ்திவாரம் மட்டுமல்ல, அவருடைய விளக்கும் அதுதான். எப்படி என்று கொஞ்சம் கழித்துச் சொல்கிறேன்.

அடுத்தது வரைபடம். படத்தின் அளவுக்கே மெல்லிய தாளில் முழுதாக வரைவார். கோபுரத்தின் கோணம், சக்கரத்தின் வட்டம், முகம், விரல் எல்லாம் அங்கேயே தீர்ந்துவிடும். பிறகு அதைப் பலகைக்கு மாற்றுவார். அந்தத் தாள்கள் பல இன்றும் இருக்கின்றன. அவற்றைப் பார்த்தவர்கள், யோசிக்காமல் கை போன போக்கில் வரைவதைக் குறிக்கும் 'தன்னிச்சை ஓவியம்' என்ற சொல்லை இவருக்குப் பயன்படுத்தத் தயங்குவார்கள்.

இதற்குப் பிறகுதான் தற்செயலுக்குக் கதவு திறக்கிறது. டிகால்கோமேனியா என்ற ஒற்றுமுறையைச் சர்ரியலிஸ்டுகளிடையே 1936 வாக்கில் பரப்பியவர் ஆஸ்கர் தொமிங்கெஸ். நீர்த்த வண்ணத்தைப் பரப்பி, அதன்மேல் தாளையோ கண்ணாடியையோ வைத்து அழுத்தி எடுப்பது. எடுக்கும்போது ஓரத்திலிருந்து காற்று வண்ணத்துக்குள் விரல் விரலாகப் புகுந்து ஓடும். அதனால்தான் பாசி, வேர், பவளம் மாதிரி கிளைக்கும் உருவங்கள் வருகின்றன. வண்ணம் கெட்டியாக இருந்தால் தாள் வழுக்கி எல்லாம் இழுவிவிடும். அதிகம் நீர்த்துவிட்டால் கிளையே பிரியாமல் குட்டையாகத் தேங்கும். மெல்லத் தூக்கினால் கிளை ஒரு மாதிரி, வெடுக்கென்று தூக்கினால் வேறு மாதிரி. அடுத்து ஊதல்: மேற்பரப்பில் சொட்டிய நீர்த்த வண்ணத்தை ஊதி ஓடவைப்பது. அதில் மரக்கிளையும் மூடுபனியும் வரும். மற்றவர்கள் இந்தக் கறைகளை வைத்துக்கொண்டு 'இதில் எனக்கு என்ன தெரிகிறது' என்று தேடினார்கள். வாரோவிடம் கறைக்கு வேலை ஒதுக்கப்பட்டிருக்கும். நீ இந்தச் சுவரின் பாசி, நீ இந்தக் காட்டின் தழை, இந்தக் கோட்டைத் தாண்டாதே. காடு தானாக வளர்ந்தது மாதிரி இருக்கும். நடுவில் நிற்கும் ஆளின் சட்டைப் பொத்தான் அளவெடுத்தது மாதிரி இருக்கும். நிஜமும் மாயமும் ஒரே பலகையில் சண்டையில்லாமல் நிற்பதற்கு இந்த வேலைப் பிரிவினைதான் காரணம் என்று நம்புகிறேன். இயற்கைக்குத் தற்செயல், மனிதர் செய்த பொருளுக்கு அளவுகோல்.

கடைசியில் கீறல். வண்ணப்படலத்தைக் கூர்முனையால் கீறி அடியிலுள்ள ஜெஸ்ஸோ வெண்மையை வெளியே கொண்டுவருவது. முடிக்கற்றை, நூல், ஒளிக்கதிர், துணியின் நெசவு எல்லாம் இப்படி வந்தவை. வெள்ளை வண்ணத்தால் மேலே கோடு போட்டால் அது படத்தின்மேல் படிந்த பொருளாகத் தெரியும். கீறிய கோட்டில் வெளிச்சம் உள்ளேயிருந்து வருகிறது. விளக்கு என்று மேலே சொன்னது இதைத்தான். ஆனால் நேரம் தப்பக்கூடாது. படலம் ஈரமாக இருந்தால் கீறலின் இரு கரையும் மேடாகி மறுபடி மூடிக்கொள்ளும். முற்றிலும் காய்ந்துவிட்டால் கோட்டின் ஓரம் செதில் செதிலாகப் பெயரும். தொட்டால் ஒட்டாது, நகம் வைத்தால் பதியும் என்கிற இடைப்பட்ட பதம் வேண்டும். எண்ணெய் வண்ணத்தில் அது சில மணி நேரமா சில நாளா என்பது நிறத்தைப் பொறுத்தது. மண்காவி சீக்கிரம் இறுகும், தந்தக்கரி நாள் கணக்கில் இழுக்கும். ஒரே படத்தில் ஐந்து நிறம் இருந்தால் ஐந்து கடிகாரம் ஓடும். இப்படி வேலை செய்கிறவரிடம் போய்க் கனவைப் பற்றிப் பேசினால் அவர் என்ன நினைத்திருப்பார்!

அண்ணனுக்கு எழுதிய குறிப்புகள்

தன் படங்களின் புகைப்படங்களை அண்ணனுக்கு அனுப்பும்போது பின்பக்கத்தில் குறிப்பு எழுதுவார் வாரோ. என் கட்சிக்கு இதைவிட வலுவான சாட்சி இல்லை. தத்துவம் கிடையாது, ஒரு சாமானைக் கடையில் விளக்குகிற தொனி. 'குழலூதுபவர்' (1955) படத்தில், மலையடிவாரத்தில் நின்று ஒருவர் குழல் ஊத, கற்கள் தாமாக எழும்பி எண்கோணக் கோபுரமாக அடுக்கிக்கொள்கின்றன. கற்கள் புதைபடிவங்கள், பூமியின் பழைய ஞாபகங்கள். கோபுரத்தின் பாதி கல், மீதிப் பாதி வெறும் கோடு. இன்னும் கட்டாத பகுதி கட்டுகிறவரின் மனதில் இருக்கிறது என்பதால் கோடாக நிற்கிறது. வேறு எந்த ஓவியருக்கும் கற்பனை என்றால் மேகம் என்றுதான் தோன்றியிருக்கும். வாரோவுக்குக் கற்பனை என்றால் ப்ளூபிரிண்ட். அப்பாவின் வரைபடம் இங்கே வெளிப்படையாகவே எழுந்து நிற்கிறது.

குழலூதுபவரின் முகத்தில் முத்துச்சிப்பி ஓட்டைப் பதித்திருக்கிறார். 1956-ல் வரைந்த, இப்போது நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் இருக்கும் 'வித்தைக்காரர்' படத்திலும் அப்படித்தான். முகம் ஐந்துகோணச் சிப்பித் துண்டு, அதன்மேல் நுண்ணிய கோடுகளால் கண்ணும் மூக்கும். எதிரே நிற்கும் கூட்டம் முழுவதும் ஒரே சாம்பல் அங்கிக்குள், ஒரே முகத்தோடு. சிப்பி பதிப்பது தச்சு வேலைக்குச் சமம். பலகையில் சிப்பியின் தடிமனுக்குச் சரியாகக் குடையவேண்டும். மேடாக நின்றால் விளிம்பில் நிழல் விழுந்து ஒட்டுப்போட்டது தெரிந்துவிடும், பள்ளமானால் அழுக்குச் சேரும். சரியாகப் பதிந்துவிட்டால் பார்ப்பவர் நகர நகர முகத்தின் ஒளி மாறும். எந்த வண்ணமும் அதைத் தராது. அச்சிலும் திரையிலும் அது வெறும் வெளிறிய முகம்தான்.

'ஒத்துருவாதல்' (1960) எனக்கு மிகப் பிடித்த படம். ஒரு பெண் நாற்காலியில் உட்கார்ந்து யோசித்துக்கொண்டே இருந்துவிட்டாள். அசையாமல் அவ்வளவு நேரம் இருந்ததில் நாற்காலியாகவே மாறிக்கொண்டிருக்கிறாள். தோலில் நாற்காலித் துணியின் பூவேலை படர்ந்துவிட்டது, கையும் காலும் கடைந்த மரமாகிவிட்டன. சலித்துப்போன மரச்சாமான்கள் தாங்களே அசைய ஆரம்பித்துவிட்டன. பின்னால் ஒரு நாற்காலி இழுப்பறைக்குள் என்ன இருக்கிறது என்று துழாவுகிறது. வேட்டைக்குப் போய்த் திரும்பிய பூனை திகைத்துப் பார்க்கிறது. இதெல்லாம் அவரே அண்ணனுக்கு விளக்கியவை. வரைகிறவர்களுக்கு இதில் ஒரு சூட்சுமம் உண்டு. தோலில் படர்ந்த பூவேலை கன்னத்தின் வளைவோடு வளையவேண்டும்; தட்டையாகப் போட்டால் ஸ்டிக்கர் ஒட்டியதுபோல ஆகிவிடும். ஆனால் துணியில் அதே பூ எந்த வரிசையில் வருகிறதோ அந்த வரிசையும் தப்பக்கூடாது. சதைக்கும் துணிக்கும் இடையே கோடு எங்கே போடுவது? வாரோ போடவில்லை. நிறம் மட்டும் மெல்ல மாறுகிறது.

1960, 61-ல் வரைந்த மூன்று படத் தொகுப்பில் நடுப்படம் 'பூமியின் போர்வையைத் தைத்தல்'. கோபுரத்தின் உச்சியில் பெண்கள் உட்கார்ந்து தைக்கிறார்கள். துணி கோபுரத்தின் சாளரங்கள் வழியாக வழிந்து கீழே இறங்கி மலையாக, கடலாக, ஊராக விரிகிறது. மூடிய முகத்தோடு ஓர் ஆள் கண்காணிக்கிறார். நடுவே உள்ள பாத்திரத்திலிருந்துதான் எல்லோருக்கும் நூல் வருகிறது. ஒரு பெண் மட்டும் திருட்டுத்தனமாகத் துணியின் மடிப்புக்குள் தன்னையும் காதலனையும் தைத்துவிட்டாள். அண்ணனுக்கு எழுதிய குறிப்பில் இதைச் சொல்கிறார். படத்தில் அந்த ஜோடி தலைகீழாக, மிகச் சின்னதாக இருக்கும், தேடித்தான் கண்டுபிடிக்கவேண்டும். அடுத்த படத்தில் இருவரும் தப்பிவிட்டார்கள், கவிழ்த்த குடை போன்ற ஓர் ஓடத்தில். வாரோ தன் துணிகளைத் தானே தைத்துக்கொண்டவர். துணி எப்படி மடியும், எந்தத் திசையில் இழுத்தால் சுருங்கும் என்பது அவர் விரலுக்குத் தெரியும். அந்தப் படத்தில் ஊர் முழுவதும் துணிதான் என்று நாம் நம்புவது மடிப்புகளின் எடை சரியாக இருப்பதால்.

கடைசிப் பலகை

1962-ல் ஹுவான் மார்ட்டின் காலரியில் இரண்டாவது தனிக் கண்காட்சி. 1963 அக்டோபர் 8 அன்று மாரடைப்பில் இறந்துபோனார், ஐம்பத்துநான்கு வயதில். முழுமூச்சாகத் தன் படங்களை வரைந்தது ஏறக்குறைய பத்தே ஆண்டுகள். அவர் முடித்த கடைசி ஓவியம் 'உயிர்த்தெழும் அசையாப் பொருள்கள்'. கோபுரமும் பெண்ணும் வண்டியும் நிறைந்த அவருடைய உலகத்தில் மனிதரே இல்லாத மிகச் சில படங்களில் ஒன்று. வளைவுகள் சூழ்ந்த அறை, நடுவில் வட்ட மேசை, மெழுகுவத்தி. தட்டுகள் எழும்பிச் சுழல்கின்றன. அவற்றுக்கு மேலே பழங்கள் கோள்களைப் போல வட்டப்பாதையில் போகின்றன. வெளிவட்டத்தில் பழங்கள் மோதிச் சிதறுகின்றன.

பெரும்பாலோர் மேலே பழங்களைப் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். கீழே மேசைவிரிப்பைப் பாருங்கள். சுழற்சி அதையும் பிடித்து முறுக்கியிருக்கிறது; எல்லா மடிப்பும் ஒரே திசையில் சாய்ந்திருக்கிறது. எந்தப் பக்கமாகச் சுற்றுகிறது என்பதைத் துணியை வைத்தே சொல்லிவிடலாம். அதற்கும் கீழே, சிதறிய பழங்களிலிருந்து விதைகள் கல்தரையில் விழுந்து கிடக்கின்றன. சிலவற்றில் முளை விட்டிருக்கிறது.